பொறுப்பு நாராயணர்

மகர சங்கராந்தி கழிந்த பதினோராம் நாள், ஷரண்டி கிராமத் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறையில் கூடியவர்கள் பின்வருமாறு: பண்பாட்டு நடைப்பயண மேம்பாட்டு இயக்ககத்தின் துணை இயக்குநர் திரு. மஹாஜன், ஊராட்சித் தலைவி பூர்ணி தேவி, எங்கள் ஊர்த் தெய்வமாகிய சுங்கலு நாராயணரின் நிலம், நகை, வம்பு அனைத்தையும் நிர்வகிக்கும் கார்தார் டாபே ராம், அதே நாராயணர் திருவாய் மலர்ந்தருள விரும்பும்போதெல்லாம் தம் வாயை இரவல் தருகிற குர் சேஸ் ராம், நாராயணரின் மேளக்காரர் ஷுக்ரு, கையெழுத்து அழகாக இருக்கும் ஒரே காரணத்தால் செயலாளராக்கப்பட்ட, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சத்யா நேகியாகிய நான்.

இவர்களுள் ஐவர் அறைக்குள் இரும்படுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தோம். ஷுக்ரு வாசலுக்கு வெளியே, பனி துடைத்த பலகையொன்றில் அமர்ந்திருந்தார். அது மரபு. கதவு திறந்தே இருந்ததால் அவரும் கூட்டத்தில் கலந்துகொண்டதாகவே கொள்ளப்பட்டது. அதே அறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் சமத்துவப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்போதும் கதவு திறந்தேதான் இருந்தது.

கூட்டத்தின் பொருள், ‘தாழ்நிலைக் குளிர்காலப் பண்பாட்டு நடைப்பயணம்’. பெருஞ்சிகரங்களில் ஏற மூச்சு இல்லாத, ஆனால் இமயமலையில் நடந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசையுள்ள நகரத்தாரின் பொருட்டு அரசு வகுத்த திட்டம் அது. ஐந்து நாள், ஒன்பது கிராமங்கள், பதினான்கு கோயில்கள். திட்டத்தின் பட்டியலில் இடம்பெறும் ஊருக்குக் குளிர்காலம் முழுவதும் பேருந்து வரும். மற்ற ஊர்களுக்கு, எப்போதும்போல, மார்கழி முதல் மாசி வரை கீழே பாலத்தோடு பேருந்து நின்றுவிடும். பாலத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். எங்களுக்கு நாராயணர்மேல் பக்தி உண்டு. பேருந்தின்மேல் அதைவிடச் சற்றே அதிகம்.

முதல் தடை உயரம்.

“உங்க ஊர் ரெண்டாயிரத்து நூத்து முப்பது மீட்டர்ல இருக்கு,” என்றார் மஹாஜன், கோப்பைப் பார்த்தபடி. “தாழ்நிலைன்னா ரெண்டாயிரத்துக்குள்ள இருக்கணும்.”

“அது எங்க தப்பில்ல சார்,” என்றார் டாபே ராம். “எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்தே இங்கதான் இருக்கு.”

“கொஞ்சம் குறைக்க முடியாதா?”

“ஏன் முடியாது?” என்றாள் பூர்ணி. “போன மழையில பாதி ஊரு தானாவே சரிஞ்சு இறங்குச்சு. இன்னொரு மழை வரட்டும், நூத்து முப்பது மீட்டர் என்ன, நூத்தம்பதே தர்றோம்.”

மஹாஜன் இதைக் குறித்துக்கொண்டார். பின்னர், மழைவரை காத்திருக்கத் திட்டத்தில் வழியில்லை என்று சொல்லி அதை அடித்துவிட்டார். டாபே ராம் நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, ஊர் எல்லை ஆற்றங்கரை வரை போகிறது என்றும், ஆற்றங்கரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுதான் என்றும் நினைவூட்டினார்.

“அங்க யாராவது இருக்காங்களா?”

“இருக்கறவங்க யாரும் இல்ல சார். போனவங்கதான்.”

அது சுடுகாடு. ஆயினும் எல்லைக்குள் இருந்தது, அளவுக்குள்ளும் இருந்தது. ஆகவே அரசுப் பதிவேட்டின்படி எங்கள் ஊர் இன்று சுடுகாட்டில் அமைந்துள்ளது. அதற்குரிய வாக்கியத்தை அமைத்துத் தந்தவள் நான். ‘ஊரின் நிலையான குடியிருப்புப் பகுதி ஆற்றங்கரையில் உள்ளது’ என்று எழுதினேன். ‘நிலையான’ என்ற சொல்லை மஹாஜன் வெகுவாகப் பாராட்டினார். பாராட்டுக்கு நான் மயங்குபவள் அல்லள். ஆனாலும் அன்றிரவு உணவின்போது அந்தச் சொல்லை இரண்டு முறை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் தடை நாராயணரே.

சங்கராந்தியன்று எங்கள் நாராயணர் இந்திர சபைக்குப் புறப்பட்டுவிடுவார். இருபத்தெட்டு நாள் கழித்தே திரும்புவார். அதுவரை ஊரில் ஓசை கூடாது. கோயில் மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுவோம். மண்வெட்டி மண்ணைத் தொடாது. தொலைக்காட்சி ஊமையாக ஓடும். குக்கர் விசிலடிக்கும் தறுவாயில் அடுப்பிலிருந்து இறக்கப்படும். மாமியார் மருமகள் சண்டைகள் கைச்சைகையில் நடைபெறும். அதனால் இரு மடங்கு நேரம் பிடிக்கும். பேச்சு உண்டு, ஆனால் தாழ்ந்த குரலில்.

இதை மீறி ஓசை எழுந்தால், ஓசையெழுப்பிய கை எதுவோ குற்றம் அந்தக் கைக்கே. ஏவியவர் யாரென்று ஆராயும் வழக்கம் இல்லை. வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஏவுகிற பக்கத்தில் இருந்தவர்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். குற்றவாளி மேளக்காரராயிருந்தால், பரம்பரையாக வந்த மேள உரிமை போகும். அதோடு ஒவ்வோர் அறுவடையிலும் வீட்டுக்கு வீடு அவருக்கு அளக்கப்படும் தானியப் பங்கும் போகும். ஷுக்ருவுக்கு வேறு நிலம் கிடையாது.

மஹாஜன் படிவத்தைப் புரட்டினார். “இந்தப் பத்தியில என்ன எழுதறது? ‘தெய்வம்: இருக்கிறார், இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.’”

“இல்ல சார்.”

“எங்க போயிருக்கார்?”

“இந்திர சபைக்கு.”

“அலுவல் நிமித்தமா, சொந்த வேலையா?”

இக்கேள்வி பல நூற்றாண்டுகளாக எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. எல்லாரும் குர் சேஸ் ராமைப் பார்த்தோம்.

“அங்க அசுரங்களோட சூதாடுவார் சார்,” என்றார் அவர் தயக்கத்தோடு. “இவர் ஜெயிச்சா நமக்கு ஆப்பிள் நல்லா காய்க்கும். தோத்தா ஆலங்கட்டி மழை.”

“சூதாட்டம்னு எழுத முடியாது குர் ஜி. தணிக்கையில மாட்டும்.”

‘மண்டலங்களுக்கு இடையிலான கலந்தாய்வு’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். மஹாஜன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திறமை திறமையை இனங்கண்டுகொள்ளும் பார்வை அது.

“சரி. போகும்போது பொறுப்பை யார்கிட்ட ஒப்படைச்சார்?”

“சாவி எங்கிட்ட இருக்கு சார்,” என்றார் டாபே ராம்.

“சாவி வேற, பொறுப்பு வேற. பக்கத்து ஊர்த் தெய்வம் யாராவது கூடுதலாப் பாத்துக்கறாங்களா?”

“மேலூர் நாகரும் அங்கதான் போயிருக்கார்.”

“கீழூர்ல ஒரு தேவி இருக்காங்களே?”

“எல்லாரும் ஒண்ணாத்தான் சார் போவாங்க.”

மஹாஜன் பேனாவைக் கீழே வைத்தார். “மொத்தப் பள்ளத்தாக்குக்கும் ஒரே நேரத்துல விடுப்பா? யாரு சார் அனுமதிச்சது? குறைஞ்சபட்சம் பாதிப்பேராவது இருக்க வேண்டாமா?”

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை தலைமுறையாக எவ்வளவு பொறுப்பின்றி இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் விதிமுறைகளில் வழியில்லாத இக்கட்டு எதுவும் இல்லை. இக்கட்டு இல்லாத வழியும் இல்லை. ஒரு பதவி பொறுப்பாளர் இன்றிக் காலியாக இருக்குமானால், அந்த எல்லைக்குள் அப்போதிருக்கும் மூத்த அலுவலர் அதன் முழுக் கூடுதல் பொறுப்பை ஏற்க வேண்டும். எங்கள் எல்லைக்குள் யார் இருந்தார்? கிராம நிர்வாக அலுவலர் குல்லூ நகரத்தில் வசிக்கிறார். செவிலியர் பனி உருகினால் வருவார். தபால்காரர் வியாழக்கிழமை. எண்ணிப் பார்த்தபோது, திரு. மஹாஜன் ஒருவரே மிஞ்சினார்.

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு கூடுதல் பொறுப்பு இருக்கு,” என்றார் சோர்வோடு. “மீன்வளம். அப்புறம் எழுதுபொருள். இப்ப இது.”

“பரவால்ல சார்,” என்றாள் பூர்ணி. “இதுல சம்பளம் இல்லாட்டியும் வால்நட் வெச்சு அவிச்ச சித்து ரொட்டி உண்டு, மேல நெய் ஊத்தி.”

அன்று முதல் அவர் ‘சுங்கலு நாராயணர் (பொறுப்பு)’. ஆணையை நான்தான் எழுதினேன். பூர்ணி அவருக்கு ஒரு தொப்பியும் சால்வையும் கொண்டுவந்தாள். பல்லக்கு கிடைக்குமா என்று அவர் விசாரித்தார். அதைச் சுமப்பவர்கள் பாலத்துக்குக் கீழே கோழிப் பண்ணையில் வேலைக்குப் போயிருப்பதாக டாபே ராம் சொன்னார். பொறுப்பு நாராயணர் பெருந்தன்மையோடு அதை வற்புறுத்தவில்லை.

மூன்றாம் தடைதான் எங்களைச் சரியாகப் பிடித்தது. நிகழ்ச்சி நிரலின் நான்காம் வரி: ‘பயணிகளுக்கு மரபு மேள வரவேற்பு. கட்டாயம்.’

“மேளமா?” என்றார் சேஸ் ராம். அதிர்ச்சியில் அவர் குரல் விதிமுறைக்கு மேல் உயர்ந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்கதான் இப்ப நாராயணர்,” என்றார் டாபே ராம். “ஒரு நாள் மட்டும் ஓசைய அனுமதிச்சிடுங்களேன் சார்.”

“அது முடியாது. பொறுப்புல இருக்கறவங்க கொள்கை முடிவு எடுக்கக் கூடாது. அன்றாட வேலைய மட்டும்தான் பாக்கலாம். மௌனத்தைத் தளர்த்தறது கொள்கை முடிவு.”

“அப்ப மேளத்த நிரல்லேர்ந்து எடுத்துடுங்க.”

“அது இயக்குநர் கையெழுத்துப் போட்ட நிரல்.”

ஆகவே மௌனமும் காக்கப்பட வேண்டும். மேளமும் அடிக்கப்பட வேண்டும். இதில் முரண்பாடு இருப்பதாகக் கருதுபவர்கள் அரசு அலுவலகத்தின் படியை மிதித்தறியாதவர்கள். நாங்கள் நிதானமாக ஆராய்ந்தோம். மேளத்தின்மேல் ரஜாய்ப் போர்வையைப் போர்த்தி அடிக்கலாம் என்றார் டாபே ராம். அடிப்பதுபோல் கையை மட்டும் அசைக்கலாம் என்றேன் நான். “பேசாம சத்தத்த குல்லூவுலேர்ந்து பதிவு பண்ணிக் கொண்டாங்க, அது வெளியூர்ச் சத்தம், நம்ம ஊருக்குச் சம்பந்தமில்ல,” என்றாள் பூர்ணி. ஒவ்வொன்றையும் மஹாஜன் கவனமாகக் கேட்டார். கடைசியில், படத்துக்குக் கையும் வேண்டும், காணொளிக்கு ஓசையும் வேண்டும் என்பதால், ஒரே ஓர் அடி போதும் என்று முடிவாயிற்று. ஒன்று என்பது எண்ணிக்கையில் தொடக்கமே தவிர அளவு அல்ல என்று நான் ஒரு விளக்கமும் அளித்தேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இப்படிச் சொல்லலாமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன்.

“மேளக்காரர் யாரு?”

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். மஹாஜன் எட்டிப் பார்த்தார்.

“அவர் ஏன் வெளிய உக்காந்திருக்கார்?”

“காத்தாட,” என்றார் சேஸ் ராம். வெளியே உறைபனி நிலை.

“ஐயையோ. என் படிவத்துல ‘அனைத்துத் தரப்பினரின் பங்கேற்பு’ன்னு ஒரு பத்தி இருக்கு. போட்டோ வேற இணைக்கணும். உள்ள கூப்பிடுங்க, நாற்காலி போடுங்க.”

இவ்வாறாக, நூற்றாண்டு கால மரபொன்று ஒரு நிழற்படத்துக்காக ஒரு நிமிடத்தில் ஒழிந்தது. பாடம் நடத்தி நான் சாதிக்காததை ஒரு பத்தி சாதித்துவிட்டது. ஷுக்ரு உள்ளே வந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான நாற்காலியில், முழங்கால்கள் மார்பில் இடிக்க அமர்ந்தார். படம் எடுக்கப்பட்டது.

“ஷுக்ரு, ஒரே ஒரு அடி,” என்றார் டாபே ராம். “பயணிங்க படியேறும்போது. அவ்வளவுதான்.”

“நாராயணர் இல்லாதப்பவா கார்தார் ஐயா?”

“இதோ இருக்காரே,” என்று மஹாஜனைக் காட்டினார் டாபே ராம்.

ஷுக்ரு மஹாஜனைச் சற்று நேரம் பார்த்தார். “அடிக்கறது என் கை. வழக்கப்படி தண்டனையும் இதுக்குத்தான். மேளம் போனா எனக்கு வேற என்ன இருக்கு? எழுத்துல குடுங்க.”

“எங்கமேல நம்பிக்கை இல்லயா உனக்கு?” என்றார் சேஸ் ராம்.

“உங்கமேல இருக்கு குர் ஜி. அதான் எழுத்துல கேக்கறேன்.”

ஒவ்வொருவரும் அடுப்புக்குள் விறகு தள்ளுவதில் முனைந்தோம். விறகு போதுமான அளவு இருந்தது. பின்னர், எதிர்பார்த்தபடி, நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுதினேன். ‘வரவேற்பின்போது எழுப்பப்படும் ஒற்றை மேள ஒலிக்கு வரவேற்புக் குழுவின் உறுப்பினர் அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்கின்றனர், மேளக்காரர் ஷுக்ரு எவ்விதக் குற்றத்துக்கும் உரியவர் ஆகார்.’ கீழே என் கையொப்பம். நாராயணரின் முத்திரை கோயிலுக்குள் பூட்டப்பட்டிருந்தது. நாராயணர் திரும்பும்வரை கதவைத் திறக்க முடியாது. முத்திரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் டாபே ராம்.

ஷுக்ரு கடிதத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். அவருக்கு எழுத்துக் கற்பித்தவளும் நானே.

“நீங்க எழுதினதுன்னா சரி டீச்சரம்மா,” என்றார். “என் பொண்ணு தினமும் பாலத்துலேர்ந்து பனியில நடந்து வர்றா. பஸ் வந்தா நல்லதுதான்.” கடிதத்தை மடித்துத் தொப்பியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

எட்டு நாள் கழித்துப் பயணிகள் வந்தார்கள். முப்பது பேர். முப்பது பேரும் பாலத்தருகே வாங்கிய புதிய குல்லூ தொப்பி அணிந்திருந்தார்கள். விலைச்சீட்டு சிலவற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பொறுப்பு நாராயணர் சாமந்தி மாலையோடு கோயில் படியில் நின்றார். பின்னால் நாங்கள். ஷுக்ரு காலையிலிருந்தே மேளத்தை அடுப்பின் எதிரில் காய்ச்சித் தோலை இறுக்கி வைத்திருந்தார். அரைகுறையாக ஒரு வேலையைச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

முதல் பயணி முதல் படியில் கால் வைத்தாள். டாபே ராம் கண் காட்டினார். ஷுக்ரு அடித்தார்.

பத்தொன்பது நாள் மௌனத்துக்குப் பின் வந்த அந்த ஒற்றை அடியை மலை மூன்று முறை திருப்பிச் சொன்னது. தேவதாரு மரங்களிலிருந்து பனி பொத்துப்பொத்தென்று விழுந்தது. ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் ஒருமித்துக் குரைத்தன. எவர் வீட்டிலோ அதிர்ச்சியில் இறக்க மறந்த குக்கர் நீளமாக விசிலடித்தது. எனக்கு, உண்மையைச் சொன்னால், மிக நன்றாக இருந்தது.

பயணிகள் மட்டும் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அவர்களின் மார்பிலிருந்த வெள்ளை அட்டைகளைப் படித்தேன். ‘நான் மௌனத்தில் இருக்கிறேன்.’

“யாரு? யாரு அது?” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மேலே ஓடிவந்தான், கழுத்து நிறைய மர மணிகள் அணிந்த ஓர் இளைஞன். அவர்களின் மௌன வழிகாட்டி. பெயர் ரித்விக். “நாங்க வந்ததே மௌனத்துக்காகத்தான்! நாலு மாசமா இதுக்காக மூச்சுப் பயிற்சி பண்றாங்க! இந்த ஒரே ஊர்லதான் இன்னும் உண்மையான மௌனம் இருக்குன்னு உங்க விளம்பரத்துல போட்டிருக்கீங்க! பாருங்க!”

அவன் நீட்டிய வண்ணத்தாளில் எங்கள் கோயில் இருந்தது. கீழே, ‘மனிதன் இன்னும் பேசாத இடம்’ என்று எழுதியிருந்தது. கீழ்மூலையில் இயக்ககத்தின் சின்னம்.

“நிரல்ல மேளம்னு இருக்கே சார்?” என்றாள் பூர்ணி மஹாஜனிடம்.

“நிரல் எங்க பிரிவு,” என்றார் அவர் தணிந்த குரலில். “விளம்பரம் வேற பிரிவு. ஒரே மாடிதான், ஆனா பேசிக்கறதில்ல.”

நகரத்தில் இப்போது மௌனம்தான் நாகரிகம் என்பதை நாங்கள் அறியவில்லை. நாங்கள் வேறு வழியின்றி அனுசரித்ததை அவர்கள் விலை கொடுத்து அனுபவிக்க வந்திருந்தார்கள். பயணிகளுள் ஒரு பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதி ரித்விக்கிடம் காட்டினாள். அவன் அதை ஊருக்கே கேட்கும்படி படித்தான்: “‘என் அமைதி உடைந்துவிட்டது. யாராவது பொறுப்பேற்க வேண்டும்.’”

பிற்பகலில் அதே இரண்டாம் வகுப்பு அறையில் விசாரணை கூடியது. தலைமை, பொறுப்பு நாராயணர். இயக்ககத்தின் சார்பிலும் அவரே. புகாரைப் பெற்றுக்கொண்ட அலுவலரும் அவரே. பயணிகள் ஜன்னல்களுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஷுக்ரு மேளத்தோடு அந்தச் சிறிய நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

மஹாஜனின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவர் மூலைக்குச் சென்று, சுவரைப் பார்த்தபடி பதினேழு முறை “சரிங்க சார்” என்றார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

“இயக்குநர் ரொம்ப சந்தோஷமா இருக்கார். மௌனத்துக்குத்தான் கிராக்கியாம். இனிமே இந்த ஊர் ‘மௌனக் கிராமம்’. பஸ் ஆணை ரெடி. திங்கட்கிழமையிலேர்ந்து வரும்.” எங்கள் நால்வரின் மூச்சும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டது. “ஒரே ஒரு நிபந்தனை. காலையில நடந்தது தனிநபர் செயலா இருக்கணும்.”

“அப்படின்னா?”

“ஊரே சேந்து அடிச்சதுன்னா இது மௌனக் கிராமமே இல்லயே. ஆணை ரத்து. ஒருத்தன் மட்டும் அடிச்சான்னா, கிராமம் மௌனம்தான். அவன் மட்டும்தான் சத்தம்.”

இந்தத் தர்க்கத்தில் ஒரு குறையும் காண முடியவில்லை. நான் தேடினேன்.

டாபே ராம் தொண்டையைச் செருமினார். “நான் கண்ணைத்தான் சிமிட்டினேன். கண்ணுல தூசி.”

“கை யாருடையதோ குற்றம் அதுக்குத்தான், அது வழக்கம்,” என்றார் சேஸ் ராம். “நாம உண்டாக்கினதா?”

ஷுக்ரு தொப்பியைக் கழற்றினார். மடிப்பிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, மேசைமேல் வைத்தார்.

மஹாஜன் அதைப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னிடம் திருப்பினார்.

“மேடம், இது உங்க கையெழுத்தா?”

அறை அமைதியாயிருந்தது. நாராயணர் ஊரில் இல்லாத காலத்தில் அமைதியாயிருப்பது எங்களுக்குக் கடினமன்று. பூர்ணி என்னைப் பார்த்தாள். பின்னர் மஹாஜனின் கையிலிருந்த பேருந்து ஆணையைப் பார்த்தாள். அதன்பின் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முழங்கால் வலி உண்டு. பாலத்திலிருந்து ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று முன்பே குறிப்பிட்டேன்.

பொய் சொல்லாதவள் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அன்றும் நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

“கையெழுத்து என்னோடதுதான்,” என்றேன். “ஆனா இதுல முத்திரை இல்ல. முத்திரை இல்லாத கடிதம் செல்லாது.”

இரண்டு வாக்கியங்களும் உண்மை. எந்தத் தேர்வாளரும் இரண்டிலும் பிழை கண்டிருக்க மாட்டார்.

“ரொம்ப சரியாச் சொன்னீங்க மேடம்,” என்றார் மஹாஜன், நெகிழ்ந்துபோய்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. தெய்வ வாக்கு வேண்டும். ஆனால் நாராயணர் இல்லாதபோது குர்மேல் யார் இறங்குவார்? பொறுப்பு நாராயணர் நேரிலேயே இருப்பதால் இறங்க வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவாயிற்று. மஹாஜன் தாழ்ந்த குரலில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சேஸ் ராம் தலையை ஆட்டி ஆட்டி அதையே கம்பீரமாகத் திருப்பிச் சொன்னார்: ஷுக்ரு தன் சொந்த விருப்பத்தின்பேரில் மௌனத்தைக் குலைத்தார், ஊருக்கு அதில் தொடர்பில்லை, மேள உரிமையும் அறுவடைப் பங்கும் இன்றோடு நீங்குகின்றன. “இதன் நகல் உரியவர்களுக்கு அனுப்பப்படும்,” என்பதையும் சேஸ் ராம் அதே தெய்வக் குரலில் அறிவித்தார். மஹாஜன் அதை அவருக்குச் சொல்லவில்லை, குறிப்பெழுதிக்கொண்டிருந்த எனக்குச் சொன்னார். ஆனால் திருத்துவதற்கு நேரமில்லை.

“இன்னும் ஒம்பது நாள்ல நாராயணர் திரும்பி வர்றாரே,” என்றாள் பூர்ணி மெல்ல. “அன்னிக்கு மேளம் அடிச்சு எழுப்பினாத்தான ஊருக்கு வாய் திறக்கும். யார் அடிப்பா?”

“இவன் தம்பி இருக்கான்ல,” என்றார் டாபே ராம்.

“அவன் லூதியானாவுல மில்லுல இருக்கான் அண்ணே. அவனுக்கு மேளம் புடிக்கக்கூடத் தெரியாது.”

“பாத்துக்கலாம், பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் நான்தான் பொறுப்புல இருக்கேனே,” என்றார் மஹாஜன் ஆறுதலாக. பிறகு ஷுக்ருவிடம் திரும்பினார். விசாரணை முறைப்படி நடந்ததென்று காட்ட அவர் விரும்பினார். “உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா? தாராளமாச் சொல்லலாம்.”

ஜன்னலில் ரித்விக் உதட்டின்மேல் விரல் வைத்தான்.

ஷுக்ரு எழுந்தார். மேளத்தின் வாரைத் தோளிலிருந்து கழற்றி, மேளத்தை நாற்காலியின்மேல் வைத்தார். அது உருளாமல் இருக்கக் குச்சிகள் இரண்டையும் அடியில் முட்டுக் கொடுத்தார். மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பயணிகள் மெய்ம்மறந்து நின்றார்கள். காலையில் அமைதி உடைந்த பெண் குறிப்பேட்டில் ‘இதுதான், இதற்காகத்தான் வந்தேன்’ என்று எழுதிப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினாள். அவர் தலையசைத்துப் படமெடுத்தார்.

“ஆட்சேபம் ஏதும் இல்லைன்னு எழுதிக்கோங்க மேடம்,” என்றார் மஹாஜன்.

எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வழிவிட்டு விலகிய வெள்ளை அட்டைகளின் நடுவே, ஒரு சொல்லும் பேசாமல், ஷுக்ரு பனியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.